அரைகுறைத் தூக்கமும் ஏறும் எடையும்

நிறையத் தூங்குகிற பிள்ளைக்கு உடம்பு போட்டுவிடும் என்பது வீடுகளில் நெடுநாளாகப் புழங்கும் எண்ணம். தூங்கும்போது உடல் அசைவதில்லை, அசையாத உடலில் தின்றதெல்லாம் கொழுப்பாகத் தங்கிவிடும் என்பது அதன் கணக்கு. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் பிள்ளைகளை நிறுத்துப் பார்த்து, அவர்கள் தூங்கும் நேரத்தையும் பக்கத்திலேயே எழுதிவைத்து ஒப்பிட்டபோது கணக்கு தலைகீழாக வந்தது. குறைவாகத் தூங்கும் பிள்ளைகளிடையேதான் பருமனானவர்கள் அதிகம்.

1992இல் பிரான்சில் ஐந்து வயதுப் பிள்ளைகள் ஏன் பருக்கிறார்கள் என்று தேடிய ஓர் ஆய்வில், பெற்றோரின் பருமன், தொலைக்காட்சி ஆகியவற்றோடு குறைந்த தூக்கமும் வந்து நின்றது. அப்போது அது பெரிதாக எடுத்துக்கொள்ளப்படவில்லை. பத்தாண்டு கழித்து, 2002இல், ஜெர்மனியின் பவேரியா மாநிலத்தில் பள்ளியில் சேரும் முன் நடக்கும் மருத்துவப் பரிசோதனைக்கு வந்த 5, 6 வயதுப் பிள்ளைகள் 6,862 பேரின் விவரம் வெளியானது. இரவில் 10 மணி நேரமோ அதற்குக் குறைவாகவோ தூங்கியவர்களில் நூற்றுக்கு 5.4 பேர் பருமன். பத்தரை முதல் 11 மணி நேரம் வரை தூங்கியவர்களில் 2.8 பேர். பதினொன்றரை மணி நேரத்துக்குக் குறையாமல் தூங்கியவர்களில் 2.1 பேர்தான். அதே ஆண்டு ஜப்பானின் தொயாமா பகுதியிலிருந்து 6, 7 வயதுப் பிள்ளைகள் 8,274 பேரைப் பற்றிய ஆய்வும் வந்தது. 10 மணி நேரத்துக்குக் குறையாமல் தூங்கியவர்களோடு ஒப்பிட்டால், 8 மணி நேரம்கூடத் தூங்காதவர்கள் பருமனாக இருக்கும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்று மடங்கு. ரொட்டி தின்னும் பவேரியாவிலும் சோறு தின்னும் தொயாமாவிலும் தராசு ஒரே பக்கம் சாய்ந்ததுதான் ஆய்வாளர்களை நிமிர்ந்து உட்காரவைத்தது.

பிள்ளைகளின் பருமனை அளப்பதே ஒரு தனிக் கலை. கிலோவில் எடையை எடுத்து, மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் கிடைப்பது பி.எம்.ஐ. என்கிற உடல் நிறைக் குறியீட்டெண். பெரியவர்களுக்கு இன்ன எண்ணுக்கு மேல் போனால் பருமன் என்று ஒரே கோடாகப் போட்டுவிடலாம். வளரும் பிள்ளைக்கு அது செல்லாது. பிறந்த முதல் ஆண்டில் ஏறும் இந்த எண், நடக்க ஆரம்பித்ததும் இறங்கி, 5, 6 வயதுக்குப் பிறகு மறுபடி ஏறும். அதனால்தான் வயதுக்கும் ஆண், பெண் என்ற பாலுக்கும் ஏற்ற வளர்ச்சி அட்டையில் வைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. இந்தியக் குழந்தை மருத்துவர்களின் அமைப்பு 2015இல் வெளியிட்ட அட்டையில், பெரியவர்களின் 23க்குச் சமமான கோட்டைத் தாண்டினால் மிகை எடை, 27க்குச் சமமான கோட்டைத் தாண்டினால் பருமன். உலக அளவில் இந்த எண்கள் 25, 30. ஒரே பி.எம்.ஐ. உள்ள ஐரோப்பியரைவிட இந்தியர் உடலில் கொழுப்பு அதிகம் என்பதால் நமக்குக் கோடு கீழே இறங்கியிருக்கிறது. ‘கொழுகொழு’ என்று பாட்டி மெச்சும் பேரன் எந்தக் கோட்டில் நிற்கிறான் என்பது அட்டையைப் பார்க்கும்வரை யாருக்கும் தெரியாது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 2022இல் 5 முதல் 19 வயது வரையிலானவர்களில் 39 கோடிக்கும் மேற்பட்டோர் மிகை எடையுடன் இருந்தார்கள். அவர்களில் 16 கோடிப் பேர் பருமனானவர்கள்.

எடை கூடினால் கூடியது கொழுப்பா, தசையா, எலும்பா என்ற கேள்வியும் உண்டு. நியூசிலாந்தின் டனீடின் நகரில் 244 பிள்ளைகளை 3 வயதிலிருந்து 7 வயது வரை தொடர்ந்து பார்த்த ஆய்வு இதற்கு விடை தந்தது. தூக்கத்தைப் பெற்றோரிடம் கேட்டு எழுதாமல், அசைவைப் பதியும் சிறு கருவியைப் பிள்ளைகளின் உடலில் கட்டி அளந்தார்கள். 2011இல் வந்த முடிவின்படி, 3 முதல் 5 வயதுக்குள் இரவில் கூடுதலாகத் தூங்கிய ஒவ்வொரு மணி நேரத்துக்கும், 7 வயதில் மிகை எடையுடன் இருக்கும் வாய்ப்பு 61 விழுக்காடு குறைந்தது. குறைவாகத் தூங்கிய பிள்ளைகளிடம் கூடியிருந்தது பெரும்பாலும் கொழுப்புதான்; தசை அல்ல.

இவ்வளவும் வந்த பிறகும் ஒரு சந்தேகம் மிச்சமிருக்கும். இரண்டும் சேர்ந்து காணப்படுவதாலேயே ஒன்று மற்றதற்குக் காரணம் ஆகிவிடாது. பிள்ளை நேரங்கழித்துத் தூங்கும் வீட்டில் தொலைக்காட்சி நெடுநேரம் ஓடலாம், இரவுச் சாப்பாடு பத்து மணிக்கு நடக்கலாம், வேலை முடிந்து வரும் பெற்றோருக்குச் சமைக்க நேரமில்லாமல் கடைப் பலகாரம் வரலாம். எடையைக் கூட்டியது இவற்றில் எது? பெற்றோர் சொல்லும் தூக்கக் கணக்கும் நம்பத்தக்கதல்ல. பிள்ளை படுக்கைக்குப் போன நேரத்தைத்தான் அவர்கள் சொல்வார்கள். போர்வைக்குள் எத்தனை மணிவரை விழித்துக் கிடந்தது என்று யாருக்குத் தெரியும்? எது முந்தியது என்பதை அறிய, பிள்ளைகளைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வுகளே உதவும். இங்கிலாந்தின் வாரிக் பல்கலைக்கழகத்தார் 2018இல் அப்படிப்பட்ட 42 ஆய்வுகளைச் சேர்த்து, மொத்தம் 75,499 பிள்ளைகளின் விவரத்தை அலசினார்கள். குறைவாகத் தூங்கிய பிள்ளைகள் பிற்பாடு மிகை எடைக்கோ பருமனுக்கோ ஆளாகும் வாய்ப்பு, மொத்தத்தில் ஒன்றரை மடங்குக்குச் சற்று அதிகம். பள்ளிப் பருவத்தின் நடுப்பகுதியில் இது இரண்டு மடங்கைத் தாண்டியது, பதின்பருவத்தில் 1.3 மடங்காகக் குறைந்தது.

பின்தொடர்வதைவிட ஒருபடி மேலானது, தூக்கத்தையே கூட்டியும் குறைத்தும் பார்ப்பது. அமெரிக்காவில் ஷாந்தெல் ஹார்ட் என்ற உளவியலாளரும் அவரது குழுவினரும் 8 முதல் 11 வயது வரையிலான 37 பிள்ளைகளிடம் இதைச் செய்தார்கள். முதல் வாரம் வழக்கமான தூக்கம். அடுத்த வாரம் படுக்கையில் இருக்கும் நேரத்தைச் சிலருக்கு ஒன்றரை மணி நேரம் கூட்டினார்கள், சிலருக்கு அதே அளவு குறைத்தார்கள். மூன்றாம் வாரம் இரண்டு கூட்டத்தையும் இடம் மாற்றினார்கள். இப்படிச் செய்தால் ஒவ்வொரு பிள்ளையும் தன்னோடு தானே ஒப்பிடப்படுகிறது. வீடு, வருமானம், சமையல் எதுவும் குறுக்கே வராது. 2013இல் வெளியான முடிவு இது: அதிகம் தூங்கிய வாரத்தில் பிள்ளைகள் நாளொன்றுக்குச் சராசரியாக 134 கலோரி குறைவாகச் சாப்பிட்டார்கள், எடையும் கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவாக இறங்கியிருந்தது. 134 கலோரி என்பது இரண்டு மூன்று இட்லி, அல்லது ஐந்தாறு சிறிய குளுக்கோஸ் பிஸ்கட். ஒருநாள் சாப்பாட்டில் அது கண்ணில் படாது. படாமலேயே மாதக்கணக்கில் சேரும்போதுதான் சட்டை இறுகுகிறது. மூன்று வாரச் சோதனை ஆண்டுக்கணக்கைச் சொல்லாது என்பதும் உண்மை. ஆனால் தூக்கம் போகும் இடத்துக்கு எடை பின்னாலேயே போகிறது என்பதை அது காட்டிவிட்டது.

ஏன் அதிகம் சாப்பிடுகிறார்கள்? பத்திரிகைகளில் அடிக்கடி வரும் விளக்கம் இரண்டு ஹார்மோன்களைப் பற்றியது. கொழுப்புத் திசு சுரக்கும் லெப்டின், உடலில் இருப்பு போதும் என்று மூளைக்குச் சேதி அனுப்பும். 1994இல் ஜெஃப்ரி ஃப்ரீட்மனின் நியூயார்க் ஆய்வகம் இதன் மரபணுவைக் கண்டுபிடித்தது. 1999இல் ஜப்பானில் கண்டறியப்பட்ட கிரெலின், பெரும்பாலும் இரைப்பையில் சுரந்து பசியைக் கிளப்பும். 2004இல் சிகாகோவில் 12 இளைஞர்களை இரண்டு இரவு நான்கு மணி நேரம் மட்டும் படுக்கவிட்டுப் பார்த்தபோது, பத்து மணி நேரம் படுத்த இரவுகளைவிட லெப்டின் 18 விழுக்காடு குறைந்து, கிரெலின் 28 விழுக்காடு கூடியிருந்தது. பசியும் கூடியது, அதுவும் இனிப்பு, உப்பு, மாவுப் பண்டங்களின் மேல். இந்தக் கதை கச்சிதமாக இருந்ததால் வேகமாகப் பரவியது. பிள்ளைகளிடம் வந்தபோது கதை பிசகியது. ஹார்ட்டின் 37 பிள்ளைகளிடம் கிரெலின் மாறவே இல்லை. லெப்டினோ தூக்கம் குறைந்த வாரத்தில்தான் கூடுதலாக இருந்தது. பன்னிரண்டு இளைஞர்களின் இரத்தம் சொன்னதை ஆறு வயதுச் சிறுமியின் மேல் அப்படியே போர்த்த முடியாது. இதைச் சொல்லாமல் விடும் கட்டுரைகளே அதிகம்.

ஹார்மோனைவிட எளிய விளக்கங்கள் உண்டு. விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் சாப்பிடக் கிடைத்த மணி நேரம். அதுவும் இரவு ஒன்பதுக்கு மேல் யாரும் கீரையைத் தேடி அடுக்களைக்குப் போவதில்லை. அமெரிக்காவின் சின்சினாட்டியில் பதின்பருவத்தினரை ஒரு வாரம் ஆறரை மணி நேரமும் இன்னொரு வாரம் பத்து மணி நேரமும் படுக்கவைத்துப் பார்த்தபோது, தூக்கம் குறைந்த வாரத்தில் அவர்கள் கூடுதலாகத் தின்றது இனிப்பைத்தான். கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் 23 இளைஞர்களை ஓர் இரவு முழுக்க விழிக்கவைத்து, உணவுப் படங்களைக் காட்டி மூளையைப் படம்பிடித்தார்கள். எடைபோட்டு முடிவெடுக்கும் முன்பகுதி மந்தமாகியிருந்தது; ஆசையைத் தூண்டும் ஆழப்பகுதி எகிறியிருந்தது. தூக்கம் கெட்ட பிள்ளை மறுநாள் முறுக்குக்கும் மிட்டாய்க்கும் அடம்பிடிப்பதைப் பார்த்தவர்களுக்கு இது வியப்பாக இராது.

விழித்திருந்தால் கலோரி கூடுதலாகச் செலவாகாதா என்று கேட்கலாம். செலவாகும். கொலராடோ பல்கலைக்கழகத்தில் 16 பெரியவர்களை ஐந்து நாள் ஐந்து மணி நேரம் மட்டும் தூங்கவிட்டு, உடல் எரிக்கும் சக்தியை அறைக்குள் வைத்தே அளந்தார்கள். செலவு 5 விழுக்காடு கூடியது. ஆனால் வரவு அதையும் தாண்டியது. ஐந்தே நாளில் சராசரியாக 0.8 கிலோ ஏறியது. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு கொறித்ததுதான் கணக்கைக் கெடுத்தது. தூங்கினால் உடம்பு போடும் என்ற பழைய கணக்கு எங்கே தவறியது என்பது இங்கே தெரிகிறது. அது செலவை மட்டும் எண்ணியது. வாய்க்குள் போனதை எண்ணவில்லை.

எத்தனை மணி நேரம் என்பதோடு எத்தனை மணிக்கு என்பதும் முக்கியம். அமெரிக்காவில் 1991இல் பிறந்த 977 பிள்ளைகளைப் பின்தொடர்ந்த ஆய்வொன்று 2016இல் வெளியானது. நாலரை வயதளவில் இரவு எட்டு மணிக்குள் படுத்தவர்களில் பத்தில் ஒருவர் 15 வயதில் பருமனாக இருந்தார். எட்டுக்கும் ஒன்பதுக்கும் இடையே படுத்தவர்களில் நூற்றுக்கு 16 பேர். ஒன்பதைத் தாண்டிப் படுத்தவர்களில் 23 பேர். நம் ஊர்களில் அப்பா வேலை முடிந்து வருவதற்கே ஒன்பதாகிவிடும். அவர் முகத்தைப் பார்க்காமல் பிள்ளை படுக்காது. அவர் வாங்கிவந்த பொட்டலத்தைப் பிரிக்காமலும் படுக்காது. அமெரிக்க எட்டு மணியை அப்படியே இங்கே கொண்டுவந்து வைப்பது நடக்கிற காரியமல்ல. ஆனால் ஒன்பதரையை ஒன்பதாக்க முடியும்.

நேரங்கழித்துப் படுப்பதில் விளக்கு வெளிச்சத்துக்கும் பங்குண்டு. இருட்டியதும் மூளையில் சுரக்கும் மெலடோனின்தான் உடலுக்கு இரவு வந்துவிட்டது என்று சொல்லும் ஹார்மோன். 3 முதல் 5 வயதுப் பிள்ளைகள் பத்துப் பேரைப் படுக்கும் முன் ஒரு மணி நேரம் பிரகாசமாக ஒளிரும் மேசையின் மேல் விளையாடவிட்டபோது, அவர்களின் மெலடோனின் ஏறத்தாழ 88 விழுக்காடு அடங்கிப்போனது. விளக்கை அணைத்து ஐம்பது நிமிடம் ஆன பிறகும் பெரும்பாலானவர்களுக்கு அது மீளவில்லை. பிள்ளைகளின் கண்மணி அகலமானது, லென்ஸ் தெளிவானது. ஒரே விளக்கு பெரியவரைவிட அவர்களுக்குள் அதிக வெளிச்சத்தை இறக்கும். கூடத்தில் கண்ணைப் பறிக்கும் எல்.இ.டி. விளக்கு எரிய, கையில் கைபேசியும் இருக்க, பிள்ளைக்குத் தூக்கம் வரவில்லை என்று கவலைப்படுவதில் பொருளில்லை.

பதின்பருவத்தில் உடலின் கடிகாரமே தள்ளிப்போகிறது. பருவமடையும் பிள்ளைகளுக்கு மெலடோனின் முன்பைவிடப் பிந்திச் சுரக்கிறது என்பதை அமெரிக்க ஆய்வாளர் மேரி கார்ஸ்கேடன் பல ஆண்டு உழைப்பில் நிறுவினார். பதினொரு மணிக்கு முன் தூக்கம் வராத பதினைந்து வயதுப் பையன் சோம்பேறி அல்ல. ஆனால் காலையில் ஆறரை மணி வண்டிக்கு, அதற்கும் முன் ஐந்தரை டியூஷனுக்கு, அவனை எழுப்பித்தான் ஆகவேண்டும். விடியற்காலையில் படித்தால் மனத்தில் பதியும் என்ற நம்பிக்கை அவனிடம் மிச்சமிருக்கும் தூக்கத்தையும் பறிக்கிறது. கலிஃபோர்னியா மாநிலம் உயர்நிலைப் பள்ளிகளைக் காலை எட்டரைக்கு முன் தொடங்கக் கூடாது என்று சட்டமே போட்டு, 2022 ஜூலையில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது.

எத்தனை மணி நேரம் போதும் என்பதற்கு அமெரிக்கத் தூக்க மருத்துவ அமைப்பு 2016இல் கொடுத்த அளவே இப்போது பரவலாகச் சொல்லப்படுகிறது. பகல் தூக்கத்தையும் சேர்த்து 4 முதல் 12 மாதக் குழந்தைக்கு 12 முதல் 16 மணி நேரம், 1, 2 வயதில் 11 முதல் 14, 3 முதல் 5 வயது வரை 10 முதல் 13. பள்ளி செல்லும் 6 முதல் 12 வயதுப் பிள்ளைக்கு 9 முதல் 12 மணி நேரம், 13 முதல் 18 வயது வரை 8 முதல் 10. வரம்பு இவ்வளவு அகலமாக இருப்பது வேண்டுமென்றேதான். சூரிச் நகரில் பிள்ளைகளைப் பிறப்பிலிருந்து 16 வயது வரை தொடர்ந்தபோது, ஆறு மாதத்தில் சராசரி 14.2 மணி நேரம் என்றாலும் பிள்ளைக்குப் பிள்ளை இரண்டு மணி நேரம் கூடவும் குறையவும் இருந்தது. பக்கத்து வீட்டுக் குழந்தையோடு ஒப்பிடுவது இதிலும் உதவாது. காலையில் தானாக எழுந்து, பகலில் சிடுசிடுக்காமல் இருக்கும் பிள்ளைக்குத் தூக்கம் போதுமென்றே கொள்ளலாம்.

தூங்கப் பழக்கினாலே பருமனைத் தடுக்க முடியுமா என்று நேரடியாகப் பார்த்ததும் டனீடின் நகர்தான். 802 குடும்பங்களைக் குலுக்கல் முறையில் நான்காகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கமான கவனிப்பு மட்டும். இன்னொன்றுக்கு உணவு, தாய்ப்பால், ஓடியாடல் பற்றிப் பலமுறை நேரில் அறிவுரை. மூன்றாவதற்குக் குழந்தையைத் தூங்கவைப்பது பற்றி மட்டும், பிரசவத்துக்கு முன் ஒருமுறை, பிறந்த மூன்றாம் வாரத்தில் ஒருமுறை. நான்காவதற்கு இரண்டும். குழந்தைக்குத் தூக்கம் சொக்கும்போதே, ஆனால் முழுக்கத் தூங்கிவிடும் முன், படுக்கையில் விட்டுவிடுவது போன்ற எளிய பாடங்கள்தான் சொல்லப்பட்டன. தூக்கப் பாடம் கேட்ட பிரிவுகளில் இரண்டு வயதில் பருமன் ஏறத்தாழப் பாதி. ஐந்து வயதிலும் பலன் தெரிந்தது. பலமுறை சாப்பாட்டு அறிவுரை கேட்ட பிரிவில் அப்படியொன்றும் இல்லை. இதில் ஒரு புதிரும் உண்டு. தூக்கப் பாடம் கேட்ட வீட்டுக் குழந்தைகள் மற்றவர்களைவிட அதிக நேரம் தூங்கிவிடவில்லை. சிணுங்கியவுடன் பாலைக் கொடுத்து அடக்காமல், தானே அமைதியாகக் கற்ற குழந்தை, பசியையும் சலிப்பையும் பிரித்தறியக் கற்றிருக்கலாம் என்பது ஒரு விளக்கம். நம் தூளிக்கும் தாலாட்டுக்கும் இந்தப் பாடம் எந்த அளவுக்கு ஒத்துவரும் என்பது வேறு பேச்சு. அழும் குழந்தைக்கெல்லாம் பசி என்ற முடிவை மட்டும் இங்கும் ஒருமுறை யோசிக்கலாம்.

எடை தூக்கத்தைக் கெடுக்கும் எதிர்த்திசையும் இருக்கிறது. கழுத்தைச் சுற்றிப் படியும் கொழுப்பு, படுக்கும்போது மூச்சுப்பாதையை நெருக்கும். டான்சிலும் மூக்கின் பின்னுள்ள அடினாய்டு சதையும் வீங்கிய பிள்ளைக்கு, ஒல்லியாக இருந்தாலும் இதே கதி. மூச்சு சில நொடி நின்று, திணறி, மறுபடி வரும். ஒவ்வொரு முறையும் மூளை அரைகுறையாக விழித்துக்கொள்ளும். இரவெல்லாம் குறட்டை, வாயால் மூச்சு, தலையணை நனையும் வியர்வை, சில நேரம் விட்டுப்போன படுக்கை நனைப்பு திரும்புவது ஆகியவை அதன் அடையாளங்கள். சார்லஸ் டிக்கன்ஸ் 1836-37இல் தொடராக எழுதிய பிக்விக் நாவலில் நின்ற இடத்திலேயே தூங்கிவிடும் ஜோ என்ற குண்டுப் பையன் வருகிறான். 1956இல் அமெரிக்க மருத்துவர்கள் பருமனோடு சேர்ந்த மூச்சுக் கோளாறு ஒன்றுக்கு அந்த நாவலின் பெயரையே வைத்தார்கள். தூங்கினால் குண்டாவார்கள் என்ற நம்பிக்கையும் இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பார்த்து வந்திருக்கலாம். குண்டான பிள்ளை பகலில் தூங்கி வழிகிறது என்றால் இரவில் அதற்குச் சரியான தூக்கம் இல்லாமல் இருக்கலாம்.

இத்தகைய பிள்ளைகளுக்கு டான்சிலையும் அடினாய்டையும் எடுப்பதே முதல் சிகிச்சை. நல்ல தூக்கம் வந்துவிட்டால் எடை இறங்கும் என்றுதான் யாரும் எதிர்பார்ப்பார்கள். 5 முதல் 9 வயது வரையிலான 464 பிள்ளைகளிடம் அமெரிக்காவில் நடந்து 2013இல் முடிவு வெளியான பெரிய சோதனையில், அறுவை செய்துகொண்டவர்களுக்கு மூச்சும் நடத்தையும் சீராயின. எடையோ எதிர்பார்த்ததைவிட அதிகம் ஏறியது. மெலிந்த பிள்ளைக்கு அது நல்லது. ஏற்கெனவே எடை கூடியிருந்தவர்களுக்கும் ஏறியதுதான் சிக்கல். மூச்சுக்குப் போராடிச் செலவான சக்தி மிச்சமானதும், விழுங்கும் சிரமம் போய்ப் பசி திரும்பியதும் இதற்குக் காரணமாகலாம். குறட்டை நின்றது என்று நிம்மதியடையும் பெற்றோர், அடுத்த ஓராண்டுக்கு அந்தப் பிள்ளையின் உயரத்தையும் எடையையும் வளர்ச்சி அட்டையில் குறித்துவர வேண்டியிருக்கிறது.